இலாகாக்களும் ஒரு தாயின் பிரயாணமும்

கேள்வி: மூளை முடக்குவாதத்தால் நடக்கவியலாத எங்கள் ஊர்ச் சிறுமிக்காக, அவள் தாய் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள். இலாகாக்களை ஒன்றிணைக்க வழியில்லையா?
– ஒரு வாசகர், மஞ்சக்குட்டை

பதில்: சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியரையும், குறைபாட்டின் சதவிகிதத்தை நிர்ணயிக்க மருத்துவரையும், உதவித்தொகைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும், அந்தத் தொகை வந்து சேர வங்கியையும் நாடி, பிள்ளையை இடுப்பில் சுமந்தபடி ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கிச் சேலம் போய்ச் சேரும் மலையாளிப் பழங்குடித் தாய்க்கு, அன்றைய கூலி போனதன்றி, 'அந்தத் தாள் எங்கே?' என்ற வினாவே பெரும்பாலும் பிரசாதமாகக் கிட்டுகிறது.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்த 2016-ஆம் ஆண்டுச் சட்டமும், நாடெங்கும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டையும் இருக்கின்றன; 2023 டிசம்பரில் தொடங்கிய 'மக்களுடன் முதல்வர்' முகாம்கள் பல துறையினரை ஒரே பந்தலில் அமர்த்தின; உலக வங்கிக் கடனுதவியோடு நடைபெறும் 'உரிமைகள்' திட்டத்தின் 'விழுதுகள்' மையங்களில் இயன்முறைச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் ஓரிடத்திலேயே கிடைக்கின்றன. ஆயினும், மேஜைகளை அடுத்தடுத்துப் போட்டுவிட்டால் மட்டும் மனு தானே நகர்ந்துவிடாது. ஒரு குடும்பத்தின் சகல தேவைகளையும் ஆதியோடந்தமாய்த் தொடரும் பொறுப்பு, பெயர் குறிப்பிட்டு, ஓர் ஊழியர்மீது சுமத்தப்பட வேண்டுமென்பதே என் அபிப்பிராயம்.

அதுவரையில், திங்கட்கிழமைதோறும் ஆட்சியரகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில், எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே மனுவில் எழுதி, அயலார் யாரேனும் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறவாமல் வாங்கி வாருங்கள்.