சாம்பல் அள்ளாத போர்மா

தம்பிக்கு,

முந்திரி போர்மா பராமரிப்பு பற்றி நீ எழுதிய கையேட்டைப் படித்தேன். போர்மாவில் பருப்பு உலர்த்துவது எப்படி, தோல் எப்போது கழலும் என்பதெல்லாம் உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான், அதை விடு. “அடுப்பின் விரிசல்களைச் சிமெண்ட் கொண்டு அடைக்கவும்” என்று எழுதியிருக்கிறாயே, எந்தக் கொத்தனார் சொல்லிக்கொடுத்தார்?

சிமெண்ட் தண்ணீரைப் பிடித்து இறுகுகிற பொருள். 400, 500 டிகிரியில் நெருப்பு அந்தத் தண்ணீரைப் பிடுங்கிவிடும். பிறகு ஐப்பசி ஈரம் பட்டதும் மாவாக உதிரும். களிமண்ணும் இடித்த ஃபயர் பிரிக் தூளும் குழைத்துப் பூசினால் போதாதா? நெய்வேலிக் களிமண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலே நடந்திருக்கிறது. நமக்கா மண்ணுக்குப் பஞ்சம்?

அதைவிட எரிச்சல், விறகைத் தாங்குகிற கம்பியின் முனைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியையும் அடைக்கச் சொன்னது. அது விரிசல் இல்லையப்பா, கட்டியவன் தெரிந்தே விட்ட இடம். 2 அடி வார்ப்பிரும்புக் கம்பி சிவக்கச் சூடேறினால் 3, 4 மில்லிமீட்டர் நீளும். நீள வழியில்லாவிட்டால் வில்லாக வளையும், இல்லை சுவர்க் கல்லைத் தள்ளும். அடுத்த பக்கத்திலேயே “வளைந்த கம்பிகளை ஆண்டுதோறும் மாற்றவும்” என்கிறாய். வளைத்தது யார்?

சாம்பலுக்கு நீ ஒதுக்கியது ஒரே வரி: “தேவைப்படும்போது அகற்றவும்.” இதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். கம்பியைக் காப்பாற்றுவது அடியிலிருந்து ஏறுகிற காற்றுதான். கம்பிக்குக் கீழே சாம்பல் குழி நிரம்பினால் காற்று நிற்கும். மேலே தணல், கீழே சூட்டுச் சாம்பல், நடுவில் கம்பி என்ன செய்யும்? நெய்வேலி லெக்கோ கரி எரித்த டீக்கடைக்காரனுக்குக்கூட இது தெரியும். சாம்பலைத் தட்டாமல் காலையில் பற்றவைக்க மாட்டான்.

நான் தொழில் பழகிய நாளில் முந்திரி உடைக்க வருகிற பெண்கள் முதல் வேலையாக அடுப்படியில் குனிந்து சாம்பலை அள்ளிக்கொண்டு போவார்கள். ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும், அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் கொட்டையைத் தொடுவார்கள். யாரும் சொல்லாமலே குழி காலியாகும், கம்பியும் வருஷக்கணக்கில் உழைக்கும். பிறகு வெட்டுகிற மெஷினும் கையுறையும் வந்தன. நல்லதுதான். அந்தக் கைகளைப் பார்த்தவன் வேறு பேச மாட்டான். ஆனால் சாம்பலை அள்ள ஆளில்லாமல் போயிற்று, கம்பி விற்கிறவனுக்கு யோகம் அடித்தது. இதை நான் சொன்னால் முதலாளிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது நீ பள்ளிக்கூடப் பையன். சாய்ந்த முந்திரியும் பலாவும் பச்சையாகவே அடுப்புக்குள் போயின. பச்சை விறகில் பாதி தண்ணீர்தானே, புகை சூடில்லாமல் ஏறிச் சிம்னிச் சுவரில் தாராக ஒட்டியது. முந்திரி ஓட்டை அள்ளிப் போட்டு எரித்த ஒரு ராத்திரி அந்தத் தார் பற்றிக்கொண்டு சிம்னியே ஓலமிட்டது. தகடு பிளந்து, தட்டுகளில் இருந்த பருப்பெல்லாம் புகை நாற்றம். சிம்னி வளைவை உடைத்துத்தான் கரியை வாரினோம்.

அதனால்தான் உன் 9ஆம் பக்கத்துப் படத்தில் கண் நின்றுவிட்டது. வளைவிலேயே கரி வாரக் கதவு, கை நுழையும் அளவு, மூடியைச் சங்கிலியில் கட்டியிருக்கிறாய், தொலையாது! யாருக்குத் தோன்றியது இது? எனக்குத் தோன்றவில்லை. பண்ருட்டியில் எவனும் இப்படி வரைந்து நான் பார்த்ததில்லை. அந்தப் படத்துக்காகவே கையேட்டை நாலு பட்டறைக்குக் கொடுத்திருக்கிறேன், சிமெண்ட் சொல்கிற 7ஆம் பக்கத்தைக் கிழித்துவிட்டு.

மறுபதிப்பில் படத்தை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கு. சிமெண்ட் வரிகளை எடுத்தால் அரைப் பக்கம் மிச்சமாகும். அதில் சாம்பலைப் பற்றி எழுது, தினமும் காலையில், பற்றவைக்கும் முன் என்று.