ஆராய்ச்சிக் கட்டுரையும் ஆதார வகைகளும்

நம் கடைகளில் அன்றன்று நடக்கும் வியாபாரத்தை நாள்வழியில் எழுதுகிறோம். பின்பு அது பேரேட்டில் ஏறுகிறது. ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கிறோம். ஐந்தொகையில் சந்தேகம் எழுந்தால் பேரேட்டைப் பார்க்கிறோம். அதிலும் தீராவிட்டால் நாள்வழியையும் ரசீதையும் புரட்டுகிறோம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர் செய்வதும் இதுவேயாகும்.

உட்லண்ட்ஸையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தை எடுத்துக்கொள்வோம். அது திறக்கப்பட்ட ஆண்டு எது? 1923 என்பாரும் உண்டு. 1924 என்பாரும் உண்டு. எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணி முடிவு கட்டுவது ஆராய்ச்சியாகாது. அக்காலத்துச் செய்தித்தாள், அரசாங்க அறிக்கை, ஒப்பந்தப் பத்திரம் ஆகிய முதல்நிலை ஆதாரங்களை நாட வேண்டும். 1923-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி சரக்கு ரயிலும், அக்டோபர் 1-ந் தேதி பிரயாணிகள் ரயிலும் ஓடத் தொடங்கின. திறப்பு விழாவோ 1924-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி நடந்தது. ஆகவே இரண்டும் மெய்யே, கேள்விதான் வேறு. சரக்கு எப்போது கடந்தது என்று கேட்கும் வியாபாரிக்கு விடை 1923.

பிற்காலத்தார் எழுதிய சரித்திர நூல்கள் இரண்டாம் நிலை. பாலத்தால் விளைந்தது என்ன என்பதை அவை ஆராய்ந்து கூறும். அவற்றோடு உடன்பட்டோ, அவற்றை மறுத்தோ, கட்டுரையாளர் தம் வாதத்தை நிறுவுகிறார். கலைக்களஞ்சியம் மூன்றாம் நிலை. தொடங்குவதற்கு அது வழிகாட்டும். தீர்ப்புக்கு அது மட்டும் போதாது.

முதல்நிலை என்பதாலேயே ஓர் ஆதாரம் நிறைவானது என்றும் கொள்ளலாகாது. விழாச் செய்தியில் கவர்னரின் பெயர் இருக்கும். பாலத்துக்காகப் பூலாவ் ஊபினில் கல்லுடைத்த கூலியாளின் பெயரைத் தேட வேண்டும். அதற்குக் கூலிக் கணக்கும் வாய்மொழிப் பதிவும் வேண்டும்.

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. 1887-ம் ஆண்டு சி. கு. மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழின் பிரதிகளைக் காத்து வைத்ததால், அன்றைய சிங்கைத் தமிழரைப் பற்றி இன்று ஆராய முடிகிறது. நம் பாட்டனாரின் நாள்வழிகளோ கரையானுக்கும் பழைய காகிதக் கடைக்கும் போகின்றன. அவை போய்விட்டால், நம் வியாபார சரித்திரத்தைப் பிறருடைய கணக்கைக் கொண்டே எழுத நேரும். இன்றே பழைய பெட்டியைத் திறந்து பார்ப்போமாக!