‘ம்’ கொட்டத் தெரியாத கணினி

கேள்வி: லினக்ஸ் கணினியில் முன்பெல்லாம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் குரல் அழைப்பை எடுக்க முடியாதாமே? யார் பார்த்த வேலை இது?

பதில்: குற்றம் சாட்டும் தொனியில் கேட்கிறீர்கள். நான் அவருக்கு நன்றி சொல்லித்தான் தொடங்குவேன். லினக்ஸ் பிறந்த மறு ஆண்டே, 1992-ல், பின்லாந்துக்காரர் ஹன்னு சவோலைனன் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை இயக்கும் டிரைவரை எழுதினார். அந்த அட்டை 1989-ல் சிங்கப்பூரில், சிம் வோங் ஹூ நடத்திய கிரியேட்டிவ் நிறுவனத்தில் பிறந்தது. யுனிக்ஸ் குடும்பத்தில் எல்லாமே கோப்பு. ஒலிக்கும் ‘டிஎஸ்பி’ என்று ஒரு கோப்பு. அதில் எழுதினால் ஸ்பீக்கர் பாடும்; அதிலிருந்து படித்தால் மைக்கில் விழுந்தது கிடைக்கும். எவ்வளவு அழகான எளிமை!

ஆனால் பெரும்பாலான அட்டைகளில் அந்தக் கோப்பை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். தெருவுக்கு ஒரே குழாய், முதலில் குடம் வைத்தவருக்கே தண்ணீர். பாட்டு நிரல் குடத்தை வைத்துவிட்டால், பேச வந்த நிரல் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டியதுதான். வரிசையை ஒழுங்குபடுத்த ஈசவுண்ட், ஆர்ட்ஸ் என்று சில ஏற்பாடுகள் வந்தன, போயின. செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசெலா கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் அட்டையின் டிரைவரை அடிப்படையாக வைத்து 1998-ல் தொடங்கிய ஆல்சா என்ற புதிய டிரைவர் தொகுப்பு, 2003 டிசம்பரில் லினக்ஸின் கருவான 2.6 கெர்னலோடு எல்லோர் கணினிக்கும் வந்து சேர்ந்தது. இந்த வரலாறு அவ்வளவு போதும்.

என் மனசில் நிற்பது வேறொரு செய்தி. ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகளால் ஒரே நேரத்தில் ஒலிக்கவும் பதியவும் முடியாது. ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேசலாம், போலீஸ்காரர் வாக்கி-டாக்கிபோல. அதில் சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது. அதைவிடப் பெரிய இழப்பு, ‘ம்’ கொட்ட முடியாது. கதை சொல்பவருக்கு ‘ம்’ வரவில்லையென்றால் கதை எப்படி நகரும்? கணினிக்குப் பாட்டைவிடப் பேச்சே கடினம் என்பதை நான் எங்கும் சொல்வேன். இங்கும் சொல்கிறேன்.

கேள்வி: லினக்ஸ் ஒலியைக் கெடுத்தது பல்ஸ் ஆடியோதான் என்று என் அண்ணன் சாதிக்கிறான். சரியா?

பதில்: அண்ணனிடம் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள். பல நிரல்களின் ஒலியைக் கலந்து அட்டைக்குக் கொடுக்கும் இடைத்தரகர் பல்ஸ்; ஜெர்மனியின் லென்னார்ட் பொட்டரிங் 2004-ல் தொடங்கியது. முதல் பெயர் பாலிப் ஆடியோ. பாலிப் என்றால் கடலில் வாழும் உயிரும் உண்டு, மூக்கில் வளரும் சதையும் உண்டு. 2006-ல் பெயரை மாற்றியது நல்லதாயிற்று. 2007-ல் ஃபெடோரா 8, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 என்ற லினக்ஸ் வெளியீடுகளோடு வீடுகளுக்குள் வந்தது.

அதே 2008-ல் பல்ஸ் ஒரு புதிய வழக்கத்தைக் கொண்டுவந்தது. அதுவரை ஒலி அட்டை “தீரப்போகிறது, இன்னும் கொடு” என்று நொடிக்குப் பலமுறை செயலியைத் தட்டி எழுப்பும். பல்ஸோ பாட்டென்றால் இரண்டு வினாடிக்கான தரவை மொத்தமாகக் கொட்டிவிட்டு, செயலியைத் தூங்கவிட்டு, தீரும் முன் எழுப்பி மறுபடி நிரப்பியது. மடிக்கணினியில் பேட்டரி மிச்சமாகும். இது நடக்க வேண்டுமானால், “இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது?” என்று கேட்கும்போது டிரைவர் உண்மையைச் சொல்ல வேண்டும். பல டிரைவர்கள் தப்புக் கணக்குச் சொல்லின. முன்பு யாரும் அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதில்லை, அதனால் தப்பும் வெளியே வரவில்லை. என் கணினியில் அப்போது பாட்டு, கடலை வறுக்கும் சத்தத்தோடு வந்தது. நானும் பல்ஸைத்தான் திட்டினேன். பிறகு டிரைவரைத் திருத்திய கெர்னல் வந்தது. பல்ஸில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் கடலை வறுவல் நின்றது. நோயைக் கண்டுபிடித்த வைத்தியர்மேல் பழி போட்ட கதை இது.

ஒன்றைக் கவனியுங்கள். பேச்சு நிரல் வந்து கேட்டால் அதே பல்ஸ் இரண்டு வினாடிச் சேமிப்பைச் சில பத்து மில்லிவினாடிகளுக்குச் சுருக்கிக்கொள்ளும். பாட்டு காத்திருக்கும். ‘ம்’ காத்திருக்காது. ஒரு வாய்ச் சொல் மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லிவினாடிக்குமேல் ஆகக் கூடாது என்பது தொலைபேசித் துறையின் பழைய அளவுகோல்.

கேள்வி: கணினி வழியாகப் பேசுவதை ஸ்கைப்தானே தொடங்கிவைத்தது?

பதில்: ஸ்கைப் 2003-ல் வந்தது. 1974-லேயே இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாகக் குரல் போய்விட்டது. நான் சொல்ல விரும்புவது ‘ஸ்பீக் ஃப்ரீலி’ என்ற பேச்சு நிரலின் கதை. ஆட்டோடெஸ்க் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வாக்கர் 1991-ல் சன் கணினிகளுக்காக எழுதி, எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டார். அன்றைய சன் கணினிகளில் ஒலி நொடிக்கு 8,000 மாதிரிகள், அதாவது தொலைபேசித் தரம். பாட்டுக்குப் போதாது, பேச்சுக்கு அது தாராளம். ஒட்டுக்கேட்க முடியாதபடி குறியாக்கமும் வைத்திருந்தார்.

2004 ஜனவரியில் வாக்கரே அதற்கு முடிவு எழுதினார். காரணம், வீட்டுக்கு வீடு வந்த ரவுட்டர். வீட்டுக் கணினிகளையெல்லாம் ஒரே முகவரிக்குப் பின்னால் அது மறைத்துவிடுகிறது. உள்ளிருந்து வெளியே கூப்பிடலாம், வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு வழி தெரியாது. இரண்டு வீட்டிலும் கதவு சாத்தியிருந்தால் யார் யாரைக் கூப்பிடுவது?

மறு ஆண்டு தோர்வால்ட் நாட்விக் எழுதிய மம்பிள் வந்தது. கூட்டாக விளையாடுபவர்கள் பேசிக்கொள்ள எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். நடுவில் ஒரு சர்வர். எல்லோரும் தம் வீட்டிலிருந்து வெளியே போய் அங்கே கூடுவார்கள், சாத்திய கதவு தடையில்லை. மம்பிள் என்றால் வாய்க்குள் முனகுவது. சர்வருக்கு அப்போது பெயர் மர்மர், முணுமுணுப்பு. இரண்டும் சேர்ந்து தெளிவாகப் பேசின! முதலில் ஸ்பீக்ஸ், பின்னால் ஓபஸ் என்று குரலைச் சுருக்கும் முறையும் தேர்ந்துகொண்டே போனது. இரண்டிலும் ஜான்-மார்க் வலான் என்பவரின் கை உண்டு. 2012-ல் தரநிலையாக அறிவிக்கப்பட்ட ஓபஸுக்குள் ஸ்கைப்பின் சில்க் முறையும் கலந்திருக்கிறது. வழக்கமாக 20 மில்லிவினாடிப் பேச்சை ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்பும். ஒரு ‘ம்’முக்குச் சில பொட்டலங்களே போதும்.

கேள்வி: லினக்ஸா, லைனக்ஸா?

பதில்: லினக்ஸ். பெயருக்குரியவரே சொல்லியிருக்கிறார். லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பெயரையும் அந்தச் சொல்லையும் உச்சரித்து ஆங்கிலத்தில் ஒன்று, தாய்மொழி ஸ்வீடிஷில் ஒன்று என ஒலிக்கோப்புகள் தந்தார். பழைய ரெட் ஹாட் லினக்ஸில் சவுண்ட் கார்டை அமைக்கும் நிரல், வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க அந்தக் குரலைத்தான் ஒலிக்கவிடும். ராத்திரியெல்லாம் அட்டையின் அமைப்பு எண்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓய்ந்தவருக்கு, கடைசியில் ஸ்பீக்கரிலிருந்து லினஸே வணக்கம் சொல்வார். அந்த நிம்மதி வேறெந்த ஒலிக்கும் வராது.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகளோடு லினக்ஸ் மடிக்கணினியில் பேசுகிறேன். என் குரல் எனக்கே திரும்பக் கேட்கிறது. மைக்கை மாற்றவா?

பதில்: காசைச் செலவழிக்காதீர்கள் அம்மா. எதிரொலி உங்களுக்குக் கேட்கிறது என்றால் சரிசெய்ய வேண்டியது மகளின் பக்கத்தில். உங்கள் குரல் அவள் ஸ்பீக்கரில் ஒலித்து, அவள் மைக்கில் விழுந்து, உங்களிடமே திரும்புகிறது. 1960-களில் செயற்கைக்கோள் தொலைபேசிக்காக பெல் ஆய்வகத்தில் இதற்கு வழி கண்டார்கள். மன் மோகன் சோந்தியின் 1967 கட்டுரை அதில் முக்கியமானது. ஸ்பீக்கருக்குப் போன ஒலி கணினிக்குத் தெரியும். அறை அதை எப்படி மாற்றும் என்று கற்றுக்கொண்டு, மைக்கில் வந்ததிலிருந்து கழித்துவிட வேண்டும். யூஎஸ்பி மைக் ஒரு கடிகாரத்தையும் ஸ்பீக்கர் இன்னொரு கடிகாரத்தையும் பின்பற்றினால் கணக்கு மெல்ல விலகும், எதிரொலி எட்டிப்பார்க்கும்.

இந்தக் கழித்தல் பல்ஸிலும் உண்டு, அதன் வாரிசான பைப்வயரிலும் உண்டு. பைப்வயர் விம் டேமன்ஸ் முதலில் வீடியோவுக்காகத் தொடங்கியது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34-ல் பல்ஸின் இடத்தில் அமர்ந்தது. பழைய நிரல்கள் இன்னும் பல்ஸோடு பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் மகளுக்கு விளக்க வேண்டாம். ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஊர்க்கதையை ஆரம்பித்து, அவள் ‘ம்’ சரியான இடத்தில் விழுகிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.