பெயரும் பண்பும்: துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு முரண்

பெயர் இடுகுறியாலும் வரும், காரணத்தாலும் வரும் என்பது இலக்கணங் கற்றார் அறிந்ததே. கனடா நாட்டுத் துப்பாக்கிச் சட்டம் இவ்விரண்டையும் கலந்தாண்டமையின் விளைந்த முரணை ஈண்டு நோக்குவாம்.

ஏ.ஆர்.-15, மினி-14 என்னும் இரண்டும் .223 அளவுத் தோட்டாவை ஏற்பன. ஒருமுறை விசையை இழுப்பின் ஒரு குண்டு பாயும். அடுத்த தோட்டா தானே ஏறும். தோட்டாப் பெட்டியும் இரண்டிற்கும் கழற்றி மாட்டத்தக்கதே. எனினும், முன்னதனை விதி பெயர் சுட்டிக் கட்டுப்படுத்தியது. 2020 வரை பதிவு செய்து சுடுகளத்திலேயே பயிலல் வேண்டியிருந்தது. பின்னதன் பெயரோ அப்பட்டியலில் இருக்கவில்லை. குழல் 470 மில்லிமீட்டரிற் குறைந்தாலன்றி அதற்கு அத்தளை இருக்கவில்லை. குழலளவு பற்றிய இவ்விதி காரணம் உடையது. யாம் குறைகூறுவது பெயர்ப்பட்டியலையே.

1989 டிசம்பர் 6இல் மாண்ட்ரியல் பொறியியற் கல்லூரியிற் பதினான்கு பெண்டிரைக் கொன்றவன் கையிலிருந்தது மினி-14 அன்றோ! இறந்தாருட் பெரும்பாலார் எம்மனைய மாணவர். அதன் பின்னும் முப்பது ஆண்டு அது கட்டுப்பாடற்ற வகுப்பிலேயே நின்றது. 2012இல் அவ்வகுப்பிற்குரிய நடுவண் அரசின் பதிவும் நீக்கப்பட்டது.

2020 மே 1இல் பிறந்த ஆணை இரண்டையும் ஒருங்கே விலக்கிற்று. ஆயினும் அதுவும் ஏறத்தாழ 1,500 பெயர்களை நிரல்படுத்தியதே. விடுபட்டவற்றுட் பலவற்றிற்கு 2024 டிசம்பரில் மற்றோர் ஆணை வேண்டியதாயிற்று.