பாவை மாநாடு

பொம்மை என்பது குழந்தைப் பருவத்திற்கே உரிய விளையாட்டுப் பொருள். வளர்ந்தோர் அதனைக் கையில் எடுப்பது நாணத்தக்கது என்று நம்மிற் பலர் கருதுவர். நானும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்து ஒரே நாளில் மாறிய வரலாற்றை இங்குக் கூறுவேன்.

என் மகள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்கின்றாள். அவளைக் காணச் சென்றிருந்தபோது ஒருநாள், "அப்பா, நாளை ஒரு மாநாட்டிற்குப் போகின்றேன்; நீங்களும் வருகின்றீர்களா?" என்று கேட்டாள். மாநாடு என்றதும் புலவர் கூடும் அவை போலும் என்று எண்ணி, மகிழ்ந்து இசைந்தேன். அது பொம்மை திரட்டுவோர் மாநாடு என்று அவள் விளக்கியபோது எனக்கு நகைப்பே தோன்றியது. ஆயினும் நகைக்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு.

அவள் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது, திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை ஒன்றை எப்போதும் மடியில் வைத்திருப்பாள். அது படுக்க வைத்தால் கண் மூடும். நிமிர்த்தினால் கண் திறக்கும். அவள் படிப்புக்கு அது தடையென்று நினைத்த நான், அவள் பள்ளிக்குச் சென்றிருந்த வேளையில் அதனைப் பழைய சாமான் வாங்குவோனிடம் கொடுத்துவிட்டேன். அவள் அன்று அழவில்லை. பின்னர் அதுபற்றிப் பேசவும் இல்லை. அந்த அமைதி என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது.

அந்நாட்டில் பொம்மை திரட்டுவோர் ஊர்தோறும் கழகங்கள் அமைத்துள்ளனர். 1949-ஆம் ஆண்டில் அக்கழகங்கள் சில ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை நிறுவின. பழைய பீங்கான் பொம்மைகளைத் தேடியோர் ஒருபுறமிருக்க, புதுக்காலத்துப் பிளாஸ்டிக் பொம்மைகளைத் தேடுவோரும் நாளடைவில் பெருகினர். பார்பி என்னும் பொம்மையைத் திரட்டுவோர் 1980-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் முதன்முதலாகத் தங்கள் மாநாட்டைக் கூட்டினர். நாங்கள் சென்றதும் புதுக்காலப் பொம்மைகளுக்கு உரிய ஒரு மாநாடே.

மாநாடு ஒரு பெரிய ஓட்டலில் நடைபெற்றது. வாயிலில் எங்கள் பெயர் எழுதிய அட்டையை மார்பில் அணிவித்தனர். கீழ்த்தளத்து மண்டபம் ஒன்றில் விற்பனை, மற்றொன்றில் கண்காட்சி. கண்காட்சியில் நடுவர் மூவர் கையிற் குறிப்பேட்டுடன் ஒவ்வொரு பொம்மையையும் நுணுகி நோக்கி, முதலிடம் பெற்றதற்கு நீல நாடாவும் இரண்டாமிடம் பெற்றதற்குச் சிவப்பு நாடாவும் அளித்தனர். வேறோர் அறையில் பொம்மையின் ஆடையைத் துவைக்கும் முறைபற்றி ஒருவர் விரிவுரை ஆற்றினார். வந்திருந்தோர் பலரும் நரைத்த தலையினர். அவர்தம் முகத்தில் விளையாட்டின் குறியைவிடக் கல்வியின் குறியே மிகுதியாகத் தோன்றியது.

அங்கு மிகுதியாகக் காணப்பெற்றது பார்பியே. அதனை உருவாக்கியவர் ரூத் ஹேண்ட்லர் என்னும் அம்மையார். அக்காலத்துப் பொம்மைகளிற் பெரும்பாலன கைக்குழந்தை வடிவின. தம் மகள் பார்பரா, காகிதப் பாவைகளுக்கு வளர்ந்த மகளிரின் வாழ்வைக் கற்பித்து விளையாடுவதை அம்மையார் கண்டார். பின்னர், செருமனியில் விற்கப்பெற்ற லில்லி என்னும் பொம்மையைக் கண்டு, அதனைத் தழுவித் தாமும் ஒன்று செய்வித்தார். பதினொன்றரை அங்குல உயரமுடைய அப்பொம்மை 1959-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் நியூயார்க்கு விளையாட்டுப் பொருட் சந்தையில் வெளிவந்தது. அன்று அதன் விலை 3 டாலர். முதன்முதலாக வந்தவற்றின் உள்ளங்கால்களில் துளைகள் இருக்கும். அத்துளைகளினுள் செப்புக் குழாய் இருக்கும். தாங்கியின் முளைகளில் பொம்மையைச் செருகி நிறுத்துதற்கு அமைந்தவை அவை. அடுத்து வந்தவற்றில் அத்துளைகள் இல்லை. இத்தகைய சிறு வேற்றுமைகளைக் கொண்டே அறிந்தோர் காலத்தை வரையறுக்கின்றனர்.

நானும் என் அறிவைக் காட்ட விரும்பி, ஒரு பொம்மையைப் புரட்டினேன். அதன் உடலில் 1966 என்று பொறித்திருந்தது. "இஃது 1966-ஆம் ஆண்டிற் செய்தது" என்றேன். மேசைக்கு அப்பால் இருந்த முதியவர் புன்முறுவல் செய்து, "ஐயா, அவ்வுடலமைப்புக்கு உரிமை பதிவான ஆண்டு அது. அதே அமைப்பைக் கொண்டு பல ஆண்டுகள் பொம்மைகள் செய்தனர். தங்கள் கையிலிருப்பது அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் பிற்பட்டது. முகத்தின் வண்ணம், கையின் அமைப்பு, செய்த நாட்டின் பெயர் ஆகிய எல்லாவற்றையும் ஒப்புநோக்கிய பின்னரே காலத்தைத் துணிதல் வேண்டும்" என்றார். நான் வாயடைத்து நின்றேன். ஓலைச்சுவடியின் இறுதியில் ஏடெழுதியோன் குறித்த ஆண்டைக் கண்டு, நூல் பிறந்த ஆண்டே அதுவென்று கூறுவோனை நாங்கள் எள்ளி நகையாடுவோம். அன்று அந்நகைப்பிற்கு நானே உரியவனானேன்.

அம்முதியவர் விற்கும் பொம்மைகளில் ஒன்றன் காதருகே பச்சைக் கறை படிந்திருந்தது. காதணியின் உலோகம் நாள்பட நாள்படப் பொம்மையின் மேனியிற் கறையை ஊட்டிவிடும் என்றார். அதில் கட்டியிருந்த சீட்டில், "இடக்காதிற் கறை, வலக்கை பிறிதொரு பொம்மையினது" என்று தம் கையாலேயே எழுதியிருந்தார். குறையை மறைத்தால் மிகுந்த விலை பெறலாம்; மறைப்பது பொய்ச்சான்று ஆகும் என்பது அவர் கொள்கை.

கண்காட்சியின் ஒரு மூலையில் கருநிற அமெரிக்க மூதாட்டியார் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் முன்னர்ப் பத்துப் பொம்மைகள் இருந்தன. ஒன்பது புதியன போன்று பொலிந்தன. பத்தாவதன் தலைமயிர் தாறுமாறாகக் கத்தரிக்கப்பெற்றிருந்தது. அதற்கு நாடா ஒன்றும் கிட்டவில்லை. "இது கிறிஸ்டி, பார்பியின் தோழியாக 1968-ஆம் ஆண்டில் வந்தது. அதற்குமுன் என் வீட்டிலிருந்த பொம்மைகள் யாவும் வெண்ணிறத்தன. எனக்கு எட்டு வயதானபோது என் தந்தையார் இதனைக் கொணர்ந்தார். என்னைப் போன்ற ஒரு பொம்மையை அன்றுதான் கண்டேன். மகிழ்ச்சி மிகுதியால் மயிரையும் கத்தரித்துவிட்டேன்" என்று கூறி அவர் நகைத்தார்.

அவரை விட்டு அகன்றதும் என் மகள் ஒரு செய்தி கூறினாள். 1940-களில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கருநிறத் தம்பதியர், நிறத்தாலன்றி வேறெவ்வகையாலும் வேறுபடாத பொம்மைகளைக் கருநிறக் குழந்தைகளிடம் காட்டி, எது நல்லது என வினவினர். பெரும்பாலான குழந்தைகள் வெண்ணிறப் பொம்மையையே சுட்டினர். தம் நிறத்தைத் தாமே தாழ்வென எண்ணுமாறு அச்சமுதாயம் அவர்களைப் பழக்கியிருந்தது. நிறம் பற்றிப் பள்ளிகளைப் பிரித்தல் தகாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1954-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வுரையும் அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பெற்றது. பார்பி என்னும் பெயரையே தாங்கிய கருநிறப் பொம்மை 1980-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. இவற்றைக் கேட்டபின், அம்மூதாட்டியாரின் மயிரிழந்த பொம்மை ஒரு கல்வெட்டினும் சிறிதாக எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் நாங்கள் திரும்புங்கால், விலை குறைந்த பொம்மைகள் குவிந்திருந்த மேசையொன்றில், கண் மூடித் திறக்கும் பொம்மை ஒன்றைக் கண்டேன். அதனை வாங்கி மகளிடம் நீட்டி, "அம்மா, அன்று உன்னைக் கேளாமல் நான் கொடுத்துவிட்டது தவறு" என்றேன். அவள் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இஃது அதுவன்று, அப்பா. அதன் நெற்றியில் ஒரு கீறல் இருந்தது" என்றாள். முப்பது ஆண்டுகள் கடந்தும் அக்கீறலை அவள் மறந்திலள்! பின்பு ஒரு சீட்டில் அன்றைய நாளையும் ஊரையும் குறித்து, "அப்பா தந்தது" என்றெழுதிப் பொம்மையின் கையிற் கட்டினாள். வீடு சேருமளவும் அது அவள் மடியிலேயே இருந்தது.

மாணவர்களே, பொருளின் சிறுமையைக் கண்டு அதனை இகழாதீர்கள். உங்கள் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றை எடுத்து, அது யாருடையது, எப்போது வந்தது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு, உண்மையை உள்ளவாறே எழுதிவையுங்கள். பிறருக்குரிய பொருள் உங்களுக்கு அற்பமாகத் தோன்றினும், அவரைக் கேளாமல் அதனை அகற்றாதீர்கள். பிற்காலத்தில் அதனைத் திரும்பப் பெற விரும்பினும் பெறுதல் அரிது.