கோளரங்கமும் கிப்லாவும்

கோலாலம்பூர் ஏரிப் பூங்கா மேட்டில் நீலக் குவிமாடத்துடன் விளங்கும் தேசியக் கோளரங்கம் 1994-ஆம் ஆண்டு முறைப்படி திறந்து வைக்கப்பெற்றது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் இடைநிலைப்பள்ளி மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். விளக்குகள் அணைந்து தலைக்குமேல் விண்மீன்கள் தோன்றியதும் பிள்ளைகள் பேச்சை மறந்தனர்.

கார்த்திகைக் கூட்டத்தின் பின்னே செந்நிறமாய் எழும் ரோகிணிக்கு மேனாட்டார் வழங்கும் பெயர் அல்டெபரான். அது அரபிச் சொல். பின்தொடர்வது என்பது பொருள். அரபிகள் கார்த்திகையை ஸுரையா என்றழைத்தனர். அதனைத் தொடர்ந்து வருவதால் ரோகிணிக்கு அப்பெயர். பெண்மக்களுக்கு ஸுரையா என்று ஆசையோடு பெயர் சூட்டும் நாம், அது வானில் எங்கிருக்கிறதென்று காட்டியதுண்டா?

"துருவ மீனை எங்கள் தோட்டத்தில் பார்த்ததே இல்லையே, ஏன்?" என்றான் ஒரு மாணவன். நல்ல கேள்வி. ஓர் ஊர் பூமியின் நடுக்கோட்டிற்கு எத்தனை பாகை வடக்கே உள்ளதோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்திலேயே துருவ மீன் தெரியும். கேமரன் மலைக்கு அது நாலரைப் பாகை. கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலம். குன்றும் மஞ்சும் அதனை மறைத்துவிடும்.

மீன் மறைந்தாலும் ஐவேளையும் நமக்குத் திசை வேண்டுமே! கிப்லா என்றால் மேற்கு என்பதே நம்மில் பலரது வழக்கம். இங்கிருந்து மக்கா நேர்மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 22 பாகை விலகியுள்ளது. பள்ளிவாசலில் மிஹ்ராப் வழிகாட்டும். லயத்து வீட்டில் பாய் விரிப்பவர் என் செய்வார்? இதுவரை தொழுதவை என்னாகுமோ என்று கலங்குவோர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. 2007-இல் விண்வெளி சென்ற டாக்டர் ஷேக் முஸஃபர் ஷுகோருக்கு, இயன்றவரை கிப்லாவை நோக்கினால் போதும் என மார்க்க அறிஞர்கள் வழிவகுத்தனர். நாமோ அசையாத தரையில் நிற்கிறோம்.

எளிய வழி ஒன்றுண்டு. ஆண்டுதோறும் மே 28, ஜூலை 16 தேதிகளையொட்டிச் சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கும். நம் நேரப்படி மே மாதத்தில் மாலை ஏறத்தாழ 5.18, ஜூலையில் 5.27. அவ்வேளை இங்கே சூரியன் சுமார் 27 பாகை உயரத்தில் இருப்பதால் குன்றுகள் பெரும்பாலும் தடுக்கமாட்டா. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். குச்சி நட்டால் சாய்ந்திருக்குமோ என்ற ஐயம் எழும். நூலின் நிழல்மேல் கரியால் கோடிடுங்கள். நிழலின் நுனியிலிருந்து நூலை நோக்கினால் அதுவே கிப்லா.

மலையில் மாலை மழை வழக்கமாயிற்றே என்பீர்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். ஓரிரு நாள் முன்பின்னானால் திசை அதிகம் மாறாது.