தனிமையில் வைத்த வீடும் தெருவின் தீர்ப்பும்

2020-ஆம் ஆண்டுக் கோடையில், எங்கள் தெருவின் ஏழாம் எண் வீட்டுக்குச் சுகாதார ஊழியர் ஒருவர் வந்து, வாசல் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டி, அதில் உள்ளே இருப்போரின் எண்ணிக்கையையும் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் பேனாவால் எழுதிவிட்டுப் போனார். அவர் போன அரை மணி நேரத்திற்குள் எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்தப்பட்டன; மறுநாள் பால்காரர் அந்த வாசலை மட்டும் தாண்டிப் போனார்; மாலைக்குள், அந்த வீட்டில் நால்வருக்கும் கொரோனா கண்டுவிட்டது என்ற செய்தி தெருக்கோடி டீக்கடை வரை சென்று திரும்பியும் வந்துவிட்டது. உண்மையில் அந்த வீட்டில் ஒருவருக்கும் நோய் இல்லை. நோய் கண்ட ஒருவரோடு ஒரே வண்டியில் பிரயாணம் செய்து வந்த குற்றத்திற்காக வீட்டுக்காரரும், அவரோடு ஒரே கூரையின்கீழ் வசித்த குற்றத்திற்காக அவருடைய மனைவியும் மகனும் வயதான தாயாரும் பதினான்கு நாள் வெளியே வராமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார்கள்; அவ்வளவுதான். குற்றம் என்று தெருவே தீர்ப்பளித்துவிட்டபடியால் நானும் அந்தச் சொல்லையே உபயோகிக்கிறேன்.

இந்த முதல் மயக்கத்திலிருந்துதான் மற்றவை பிறந்தன. அதற்கு நம் பாஷையும் ஓரளவு காரணம். வைத்திய சாஸ்திரம் குவாரன்டைன் என்றும் ஐசொலேஷன் என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவதை நாம் 'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம். நோய் கண்டவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது ஐசொலேஷன். நோய் காணாத, ஆனால் காணக்கூடும் என்று சந்தேகிக்க நியாயமுள்ள ஒருவர், காணுமா காணாதா என்பது தெளியும்வரை ஒதுங்கிக் காத்திருப்பது குவாரன்டைன். முன்னவருக்குக் கஞ்சியும் மருந்தும் கவனிப்பும் வேண்டும். பின்னவருக்கு முக்கியமாக வேண்டியது ஒரு நாள்காட்டி. நோய் கண்டவர் வீட்டு வாசலில்கூட, உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ்த் தனியே உத்தரவிட்டாலன்றி அறிவிப்பு ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லிற்று. அதற்குள் தெரு தான் கற்க வேண்டியதைத் தவறாகவே கற்று முடித்திருந்தது.

பதினான்கு என்பது யாரோ அதிகாரி மனம்போனபடி சொன்ன எண் என்பது அடுத்த நம்பிக்கை. பழங்காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். இன்று டுப்ரோவ்னிக் என்று வழங்கும் ரகூசா துறைமுகம், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் நுழையலாம் என்று 1377-இல் சட்டம் செய்தது. பின்னர் முப்பது நாற்பதாயிற்று. நாற்பதைக் குறிக்கும் வெனிஸ் நகரத்துச் சொல்லிலிருந்தே குவாரன்டைன் என்ற பெயர் பிறந்தது. நாற்பது என்பது வேதாகமத்தில் மகிமை பெற்ற எண் என்பதைத் தவிர அதற்குப் பெரிய ஆதாரம் இருந்ததாகத் தோன்றவில்லை. பதினான்கின் கதை வேறு. கிருமி தேகத்தில் புகுந்த நாளுக்கும் முதல் காய்ச்சலோ இருமலோ தோன்றும் நாளுக்கும் உள்ள இடைவெளியை நோயாளி நோயாளியாக விசாரித்துக் கணக்கிட்டதில், 2020-இல் பரவிய கொரோனாவுக்கு அது நடுத்தரமாக ஐந்து நாள் என்றும், குறி தோன்றுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குப் பதினொன்றரை நாளுக்குள் தோன்றிவிடுகிறது என்றும் தெரிந்தது. மீதிச் சிலரையும் கூடியமட்டும் கருதி இரண்டு வாரம் என்று வைத்தார்கள். ஆனால் ஒன்றைப் பலர் கவனிக்கவில்லை. நாட்களை எண்ண வேண்டியது காகிதம் ஒட்டிய தினத்திலிருந்து அல்ல, நோயாளியோடு கடைசியாகப் பழகிய தினத்திலிருந்து. ஒரே அறையில் நோயாளியோடு படுத்து எழுந்துகொண்டே பதினான்கை எண்ணுகிறவர், ஒவ்வொரு நாளும் ஒன்றாம் நாளிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

'பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டதே, இனி எதற்கு அடைந்து கிடப்பது?' என்று கேட்டவர்களில் அடியேனும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். 2021-ஆம் ஆண்டு உறவினர் ஒருவருக்கு நோய் கண்டபோது, அவரோடு உட்கார்ந்து உணவருந்திய மூன்றாம் நாள் நான் பரிசோதனை செய்துகொண்டு, நெகட்டிவ் என்ற முடிவைக் கொடி போலப் பிடித்தபடி கூடத்துக்கு வந்து எல்லாருடனும் கலந்துவிட்டேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. விதை போட்ட மறுநாள் பாத்தியைப் பார்த்து, ஒன்றும் முளைக்கவில்லை, ஆகையால் விதையே விழவில்லை என்று தீர்மானிப்பவனை என்னவென்று சொல்வது? மூக்கிலும் தொண்டையிலும் கிருமி போதிய அளவு பெருகும்வரை எந்தப் பரிசோதனைக்கும் அது அகப்படாது. கொரோனா விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு: குறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அது பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு புகாரும் அந்நாட்களில் எழுந்தது. மத்திய அரசு 2020 மே மாதத்தில் விதியை மாற்றி, லேசாக நோய் கண்டவர்களை, குறி தோன்றிப் பத்து நாள் கழிந்து, மூன்று நாள் காய்ச்சல் இல்லாமலும் இருந்தால், மறுபரிசோதனை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்று அறிவித்தபோது, இடம் போதாமல் நோயாளிகளைத் தெருவில் விடுகிறார்கள் என்று படித்தவர்களே பேசினார்கள். இடநெருக்கடி இருந்தது மெய். ஆனால் விதிக்கு ஆதாரம் வேறிடத்தில் இருந்தது. பி.சி.ஆர். பரிசோதனை கிருமியின் மரபுப்பொருளின் துணுக்குகளைத் தேடுகிறது. அவை உயிருள்ள கிருமியைச் சேர்ந்தவையா, செத்ததைச் சேர்ந்தவையா என்று அதற்குப் பேதம் தெரியாது. விருந்து முடிந்து எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கொல்லையில் கிடக்கும் எச்சில் இலைகளை எண்ணிப் பார்த்து, இன்னும் ஐம்பது பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல்வதைப் போன்றது அது. லேசான நோயில், பத்து நாளுக்குப் பிறகு பரவக்கூடிய கிருமி அநேகமாக அகப்படுவதில்லை. துணுக்குகளோ வாரக்கணக்கில் கிடக்கும்.

தகரம் அடித்து வாசலை மூடினால் கிருமி வெளியே வராது என்ற நம்பிக்கையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தகரத்தால் தடைப்படுவது கேஸ் சிலிண்டரும் ஆம்புலன்ஸ்காரரின் ஸ்ட்ரெச்சரும்தான். பெங்களூரில் 2020 ஜூலையில் இரண்டு வீடுகளின் கதவுகளையே தகரத்தால் அடைத்துவிட்டு, பிறகு மாநகராட்சி ஆணையரே மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

வேப்பிலையைப் பற்றி மட்டும் சற்று நிதானமாகப் பேச விரும்புகிறேன். ஏனெனில் அதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களும் சரி, நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுகிறவர்களும் சரி, பாதியைத்தான் பார்க்கிறார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, இலையின் காற்றால் கிருமியைக் கொல்வதற்கு எவ்வளவு உதவுகிறதோ அறியேன். தூரத்திலிருந்து வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பது பிரத்தியட்சம். உள்ளே நோயாளிக்குத் தனிப் பாய், தனிப் பாத்திரம். தலைக்குத் தண்ணீர் விடும்வரை வெளியே போவதில்லை. இது சாட்சாத் ஐசொலேஷன்தான். அதோடு, வந்தவர் 'அம்மா இறங்கியிருக்கிறாளா?' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாரே தவிர, அந்த வீட்டாரைக் குற்றவாளிகளாகப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் ஒட்டிய காகிதத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. குறை எங்கே என்றால், சின்னம்மை கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்குகிறது. இலையோ கொப்புளத்தைக் கண்ட பிறகே வாசலுக்கு வருகிறது.

முகாம் என்றாலே சிறை என்று நம் பாட்டன்மார் காலத்திலிருந்து வரும் பயத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்ற, மறு வருஷம் பிப்ரவரியில் சில பிரிவுகளே கொண்ட கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. 2020-இல் நம்மை வீட்டில் இருத்தியதில் அதே சட்டத்துக்கும் பங்கு உண்டு. அதன் பலத்தால் பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்து, நோயாளிகளையும் உடன் இருந்தவர்களையும் முகாம்களுக்கு இழுத்துச் சென்றதன் ஆத்திரத்தில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். இத்தனை நிர்ப்பந்தமும் பெரும்பாலும் விரயம் என்பதுதான் இதில் கொடுமை. அந்தப் பிளேக் முக்கியமாக எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் 1898-இல் கராச்சியில் பரிசோதித்துக் காட்டினார். மனிதர்களை முகாமில் அடைத்துவிட்டு எலிகளை ஊருக்குள் உலாவ விட்டிருந்தார்கள். ஆகவே, அடைத்து வைத்தால் எந்த வியாதியும் அடங்கும் என்பதையும் தவறான நம்பிக்கைகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். அது பாமரர்களைவிட அதிகாரிகளிடம் அதிகமாகக் காணப்படுவது. காலராவுக்குத் தண்ணீரையும், பிளேக்குக்கு எலியையும், காற்றில் வரும் நோய்க்கு மூச்சையும் கவனித்த பிறகுதான் கதவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஏழாம் எண் வீட்டில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. பால்காரர் தாண்டிப் போன மறுநாளிலிருந்து, நானும் பக்கத்து வீட்டு இளைஞனும் முறை வைத்துக்கொண்டு, பால் பாக்கெட்டையும் காய்கறியையும் மஞ்சள் பையில் போட்டு அவர்கள் கேட்டில் மாட்டி வந்தோம். பாட்டி தினமும் காலையில் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பார். அந்தக் காலத்தில் பால் கணக்கு எழுதுவது போல, நான்கு கோடு நிமிர்ந்தும் ஐந்தாவது குறுக்கேயுமாக. பதினான்கு கோடும் நிறைந்த மறுநாள் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் போனார்கள். மகனும் மருமகளும் பேரனும் வெளியே வந்து தெருவில் நின்றார்கள்; பாட்டி மட்டும் வாசற்படிக்கு உள்ளேயே நின்றார். "வாங்க பாட்டி, இன்றோடு முடிந்துவிட்டது" என்றேன்.

"அவங்க கணக்கு முடிஞ்சுது தம்பி," என்றார், கையில் பஞ்சாங்கத்தோடு. "இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. நான் தசமியன்னிக்கு வரேன்."